கன்னத்தில் அடக்கிய பட்டு

என் நைனா கலியாணசுந்தரத்தை ஒரு இடத்தில் சும்மா உட்கார வைத்தவர் இதுவரை யாருமில்லை. பந்தியில் இலை போட்டு சாம்பார் வருவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் வருவார். ஏகாம்பரநாதர் தேர் வருகிறதென்று நாங்கள் தெருமுனையில் நின்றால், அவர் தேரையும் முந்திக்கொண்டு அடுத்த தெருவில் நிற்பார். "இந்த மனுசனுக்குக் கால்ல சக்கரம், கையில அரிப்பு" என்பாள் என் அம்மா வடிவாம்பாள். ஐம்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பியிருந்தேன். அங்கேதான் நாங்கள் இரண்டு பேரும் ஏமாந்தோம்.

காஞ்சிபுரத்தில் நெசவாளர்களே நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் பிறந்தும் அவர் தறியில் உட்காரவில்லை. தறி என்றால் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பதினெட்டு வயசிலேயே பாவு பிணைக்கிற வேலைக்குப் போய்விட்டார். தினம் ஒரு வீடு, தினம் ஒரு ஊர் டீ. சைக்கிளை எடுத்தால் ஒரு நாள் கூரம், ஒரு நாள் திருப்பருத்திக்குன்றம், ஒரு நாள் எங்கள் தெருவிலேயே நாலாவது வீடு.

அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடுகிற இழைகள். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும், தறியில் மிச்சம் நிற்கிற பழைய இழை ஒவ்வொன்றோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்க்க வேண்டும். நாலாயிரத்துச் சொச்சம் இழை. முடிச்சு போடக் கூடாது, முடிச்சு, இழை நுழைந்து வருகிற அச்சுப் பல்லில் போய் மாட்டும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டு இரண்டு இழையையும் சேர்த்து முறுக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும். முறுக்கு சரியில்லாவிட்டால் இழுக்கும்போது நழுவிவிடும். நைனாவின் பிணைப்பு நழுவி இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை. இதை அவரே சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். நான் நெய்கிறவள், என் தறிக்கும் அவர்தான் பிணைக்கிறார். அது உண்மைதான் என்று நானும் சொல்வேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கூரத்தில் ஒரு வீட்டில் பிணைத்துக்கொண்டிருக்கும்போது அவருக்கு மாரடைப்பு வந்தது. நெஞ்சில் அம்மிக்கல்லை ஏற்றி வைத்தமாதிரி இருந்ததாம். ஆனால் இன்னும் அறுநூறு இழை மிச்சம். முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தாராம். முடித்தார், டீ வாங்கிக் குடித்தார், அப்புறம்தான், "கொஞ்சம் யாராச்சும் ஆட்டோ கூப்புடுங்கபா" என்றாராம். இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். டாக்டர் திட்டியபோது, "பாதியில வுட்டுட்டு வந்தா அவன் தறி நிக்கும் சார்" என்றார். இப்படிப்பட்டவர் ஒரு விஷயத்தை மறைத்தால் எப்படி மறைப்பார் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் சைக்கிள் ஸ்டாண்டு இடது கால் சுண்டு விரலில் அடித்தது. சர்க்கரை இருக்கிற கால், அவருக்கு வலிக்கவே இல்லை. வலிக்காததால் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது புண் ஆழமாகி, ஓரம் கறுத்துவிட்டது. மூன்று மாசம் கட்டு மாற்றி மாற்றி, மருந்து மாற்றி மாற்றி, ஆறவில்லை. சென்னைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் புண்களுக்கென்றே இருந்த டாக்டர் அருளிடம் போனோம். அவர்தான் அந்தக் கண்ணாடிக் குழாயைச் சொன்னார். ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு குழாய். உள்ளே படுக்க வைத்து, மூடி, அழுத்தத்தைக் கூட்டி, சுத்தமான ஆக்ஸிஜனை நிரப்புவார்கள். அது ரத்தத்தில் அதிகமாகக் கரைந்து, ரத்தம் சரியாகப் போகாத புண்ணுக்கும் கொஞ்சம் போய்ச் சேரும். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், முப்பது நாள்.

"நிச்சயம்னு சொல்ல மாட்டேன். ஆனா இதுவும் பார்க்கலன்னா பாதி பாதம் போகலாம்" என்றார் டாக்டர்.

அம்மா போனில் எதையோ பார்த்துவிட்டு வந்திருந்தாள். "இதுல படுத்தா வயசானவங்களுக்கு இதயமே புதுசாயிடுதாமே சார்?"

"அது ஆராய்ச்சியில இருக்குதும்மா. கொஞ்சம் நல்லது நடக்குதுன்னு சில பேர் எழுதியிருக்காங்க, இன்னும் உறுதியாகல. நான் கொடுக்கறது காலுக்கு. இதயத்துக்கு இது பாரம்கூட ஆகலாம். அதான் இதய டாக்டர் எக்கோ பார்த்து சரின்னு சொல்லணும்."

இதய டாக்டர் பார்த்தார். பம்பிங் கொஞ்சம் குறைவு, செய்யலாம், ஆனால் மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ, படுக்க முடியாமல் போனாலோ அன்றைக்கே சொல்ல வேண்டும் என்றார். நைனா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அவருக்குக் காதில் விழுந்தது பாதி பாதம் என்ற வார்த்தை மட்டும்தான். பாதம் இல்லையென்றால் சைக்கிள் இல்லை. சைக்கிள் இல்லையென்றால் வீட்டோடு கிடக்க வேண்டும். செத்துப் போவதைப் பற்றி அவர் சாதாரணமாகப் பேசுவார், வீட்டோடு கிடப்பதைப் பற்றி மட்டும் பேசவே மாட்டார்.

குழாயைப் பார்த்துக்கொண்ட பெண் ரூக்ஷார், எங்கள் ஊர் ஒலிமுகமதுபேட்டைக்காரி. முதல் நாள் சட்டத்தை ஒப்பித்தாள்.

"தாத்தா, தலைக்கு எண்ணெய் கூடாது, தைலம் கூடாது. போன், வாட்ச் கூடாது. நாங்க குடுக்கற காட்டன் டிரஸ் மட்டும்தான். நைலான், பாலியஸ்டர், பட்டு எதுவும் உள்ள போகக் கூடாது. ஒரு பொறி வந்தா அவ்ளோதான்."

எனக்கு எரிச்சலாக வந்தது. காஞ்சிபுரத்துக்காரியே பட்டு ஆகாது என்கிறாளே! பட்டு கட்டிக்கொண்டுதான் நாங்கள் சாமியிடமே போகிறோம். நைலானோடு சேர்த்து அதைச் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை.

குழாய்க்குள் நைனா பட்ட பாடு சொல்லி முடியாது. அழுத்தம் ஏறும்போது திருப்பதி மலை ஏறும் பஸ்ஸில் காது அடைப்பது போல இருந்ததாம், எச்சில் விழுங்கச் சொன்னார்கள், அது பழகிவிட்டது. பழகாதது சும்மா படுப்பதுதான். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், பிணைத்த விரலையும் அதில் சேர்க்க வேண்டும். விரல்கள் போர்வையைக் கிள்ளின. தலையைத் தூக்கினார், புரண்டார், கண்ணாடியைத் தட்டி மணி கேட்டார். ரூக்ஷார் மைக்கில், "தாத்தா, இன்னும் எழுபது நிமிஷம்" என்பாள். அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். வெளியே நானும் குட்டி போட்ட பூனை மாதிரி நடப்பேன். அவர் ரத்தம்தானே எனக்கும். வீட்டில் தறி அப்படியே நிற்கிற நினைப்பு வேறு.

மூன்றாம் நாள் அவர் கையை மடக்கிக் கண்ணாடியைக் குத்தினார். பாதியில் வெளியே எடுத்தார்கள். "இப்படியே பண்ணா தொடர முடியாது" என்றார் டாக்டர் அருள். திரும்பி வரும்போது பஸ்ஸில் நைனா கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.  

அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பாழாய்ப்போன யோசனை வந்தது. தறியில் மிச்சம் விழுகிற முழ நீளத் துண்டு இழைகளை ஒரு சின்ன உருண்டையாகச் சுருட்டி நைனாவிடம் கொடுத்தேன். விரலுக்கு வேலை இருந்தால் ஆள் அடங்கிப் படுப்பார் என்று கணக்குப் போட்டேன். ரூக்ஷார் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் நெய்கிற வீட்டில் சின்னக் குழந்தைக்குக்கூட ஒன்று தெரியும். அசல் பட்டா போலியா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு முன்னால் நாங்கள் ஒரு இழையைக் கொளுத்திக் காட்டுவோம். போலி இழை குபுகுபுவென்று எரிந்து உருகும். அசல் பட்டு முடி கருகின வாசனையோடு சுருண்டு, தானாக அணைந்துவிடும். தானாக அணைகிற இழை தீ வைக்குமா? நூறு தடவை என் கையாலேயே கொளுத்திப் பார்த்தவள் நான். அந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன்.

நைனா அந்த உருண்டையை வெற்றிலை அடக்குவது போலக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உள்ளே போனார். போர்வைக்கு அடியில் கையை வைத்து, ஒவ்வொரு இழையாக எடுத்து, ஒன்றோடு ஒன்று பிணைத்து, நீளமாக்கி, இடது சுட்டு விரலில் சுற்றிக்கொண்டே போனார். சாம்பல் இல்லாவிட்டால் என்ன, எச்சில் ஈரத்திலேயே முறுக்கு நின்றது. சாமி மாதிரி படுத்திருந்தார். ரூக்ஷாரே அசந்துபோய், "தாத்தா செட் ஆயிட்டாருக்கா" என்றாள். நான் பெருமையாகச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த நாட்களில் வீட்டில் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. நைனா பாயில் படுப்பதை விட்டுவிட்டு, என் தறித்தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்க ஆரம்பித்தார். "படுத்தா புழுங்குதுமா" என்றார். "படுக்கையிலகூட இந்த மனுசனுக்கு இருப்புக் கொள்ளல பாரு" என்றாள் அம்மா. நானும் சேர்ந்து சிரித்தேன்.

பன்னிரண்டாவது நாள், குழாய்க்குள் போய் ஒரு மணி நேரம் இருக்கும், நைனா தலையைத் தூக்கப் பார்த்தார். போர்வை நழுவியது. விரலில் சுற்றியிருந்த மஞ்சள் பட்டு, கண்ணாடி வழியாகப் பளிச்சென்று தெரிந்தது. ரூக்ஷார் முகத்தில் ரத்தமே இல்லை. ஒரு கையால் அழுத்தத்தைக் குறைக்கிற பிடியைத் திருப்பிக்கொண்டே மைக்கில் சொன்னாள்: "தாத்தா, கைய அசைக்காதீங்க. எதையும் தேய்க்காதீங்க. அப்படியே இருங்க."

உடனே திறக்க முடியாது. அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்க வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்தை நான் குழாய்க்குப் பக்கத்தில் நின்று கழித்தேன். என் நைனா கண்ணாடிக்குள்ளே, கையை மார்பில் வைத்து, ஆடாமல் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் அசையாமல் இருந்தது அப்போதுதான்.

"எங்க வீட்லயும் ஜரிகைக் கடைதான்கா" என்றாள் ரூக்ஷார் கதவைத் திறந்த பிறகு.  "பட்டு தானா அணையும்னு எனக்கும் தெரியும். வெளிய காத்துல அணையும். உள்ள இருக்கறது காத்து இல்ல, முழுக்க ஆக்ஸிஜன். அதுல எதுதான்கா அணையும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் நைனா முந்திக்கொண்டார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாது பாப்பா. நான்தான் தறியிலேர்ந்து எடுத்து வந்தேன்." என்னைக் காப்பாற்றுவதற்கு அவர் பொய் சொன்னார். நானும் சொல்ல விட்டுவிட்டேன். அது இன்றைக்கும் என்னை அறுக்கிறது.

டாக்டர் அருள் வந்தார். இன்னொரு முறை நடந்தால் சிகிச்சையே கிடையாது என்றார். "மூச்சு கீச்சு எதுவும் கஷ்டமா இருக்குதா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல சார், நல்லா இருக்கேன்" என்றார் நைனா. ரூக்ஷார் அந்த இழையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, தொடக்கூட பிடிக்காதவள் மாதிரி என் கையில் கொடுத்தாள்.

வாசல் படியில் பஸ் நேரத்துக்காக உட்கார்ந்தோம். நிலைகொள்ளாமல் அந்தச் சுருளைப் பிரித்தேன். கைக்குக் கிடைத்ததை இழுத்துப் பார்ப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். மேலே இருந்த பிணைப்பு தொட்டதுமே கழன்றது. அடுத்ததும் கழன்றது. சாம்பல் இல்லாததால் என்று நினைத்தேன். இன்னும் பிரித்தேன். ஏழு, எட்டு, எல்லாம் கழன்றன. சில இடத்தில் முறுக்கே இல்லை, இரண்டு இழையும் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தன. ஆனால் சுருளின் உள்பக்கம் போகப் போக, பிணைப்பு இரும்பாக நின்றது. பல்லால் இழுத்தாலும் வரவில்லை. அதற்கும் சாம்பல் கிடையாது, அதே எச்சில்தான்.

விரலில் சுற்றுகிற சுருளில் உள்ளே இருப்பது முதலில் செய்தது, வெளியே இருப்பது கடைசியில் செய்தது. உள்ளே இருந்த ஒரு மணி நேரத்தில் முதல் அரைமணிக்கு என் நைனாவின் கை. அதற்குப் பிறகு வேறு யாரோ ஒருவருடைய கை. மாரடைப்பு வந்தபோதுகூட அறுநூறு இழையை நழுவாமல் பிணைத்தவர் அவர். தறித்தூண், புழுக்கம், தலையைத் தூக்கியது எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் விழுந்தன. குனிந்து, கட்டு இல்லாத வலது காலை விரலால் அமுக்கினேன். குழி விழுந்தது, நிரம்பவே இல்லை.

"நைனா, படுத்தா மூச்சு வாங்குதா?"

"யாரு சொன்னது?"

"இத பாரு. இது உன் பிணைப்பா?"

அவர் இழையைப் பார்த்தார். வேறு யாரிடமாக இருந்தாலும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருப்பார், அந்த இழைக்கு முன்னால் அவரால் முடியவில்லை.

"ஒரு வாரமா இருக்குது" என்றார். "படுத்துக்கினு இருந்தா தண்ணிக்குள்ள அமுக்கற மாதிரி. புண்ணு ஓரத்துல புதுச் சதை செவப்பா வந்துக்கினு இருக்குதுன்னு டாக்டரே சொன்னாரு இல்ல? இன்னும் பதினெட்டு நாளுதான். இப்ப சொன்னா நிறுத்திடுவாங்க, காலு போயிடும். நீ ஒண்ணும் பாக்கல, சரியா? என் மேல ஆணை."

"பதினெட்டு நாளைக்கு நீ இருக்கணுமே."

"இருந்தா காலோட இருக்கறேன். இல்லன்னா வுடு. சங்கீதா, சொல்லாதமா. உன்ன கையெடுத்துக் கும்புடறேன்."

உண்மையாகவே கையெடுத்துக் கும்பிட்டார். என் பேச்சுக்கு எப்போதும் எதிர்ப்பேச்சு பேசுகிற மனுஷன், ஆஸ்பத்திரி வாசலில், பத்துப் பேர் பார்க்க. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பஸ் வந்தது, நின்றது, போனது. படியில் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். கடைசியில் அந்த இழையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். முதலில், பட்டைக் கொடுத்தது நான்தான் என்று டாக்டரிடம் சொன்னேன். அப்புறம் மற்றதைச் சொன்னேன்.

அன்றைக்கே எக்கோ எடுத்தார்கள். பம்பிங் இறங்கியிருந்தது, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. ஊசி போட்டு, நீரை இறக்கி, ஆறு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் நாலைந்து முறை உள்ளே படுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமென்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கண்ணாடிக் குழாய் பன்னிரண்டோடு நின்றது. அடுத்த மாசம் சுண்டு விரலையும் பக்கத்து விரலையும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. அந்தப் பன்னிரண்டு நாளால் தப்பியதா, மருந்தால் தப்பியதா என்று கேட்டதற்கு, "பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார் அருள். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது அந்தப் பதிலால்தான்.

நைனாவுக்கு என்னைப் பிடிக்காமல் போனதும் அந்த வாசல் படியில்தான். அன்றையிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. ஒரே வீடு, ஒரே தறிக்கூடம், ஆனால் எல்லாம் அம்மா வழியாகத்தான். "உம் பொண்ணுகிட்ட சொல்லு, பாவு வந்திருக்குது." நானும் சளைத்தவள் இல்லை. "உன் வீட்டுக்காரரு இன்னிக்கு மாத்திர போட்டாரான்னு கேளு." அம்மா, "நான் இன்னா போஸ்ட்மேனா?" என்று கத்துவாள். தடித்த செருப்புப் போட்டு நடக்கிறார், சைக்கிள் இல்லை, ஷேர் ஆட்டோ பிடித்து மூன்று தெருவுக்குள்ளேயே பிணைக்கப் போய் வருகிறார். காலையில் எடை பார்க்க வேண்டும், நீர் சேர்ந்தால் எடை ஏறும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் அதோடு இன்னொன்றையும் சேர்த்தேன். தினம் பத்து இழை பிணைத்து அம்மாவிடம் கொடுத்தனுப்ப வேண்டும். நான் இழுத்துப் பார்ப்பேன். அது அவருக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று எனக்குத் தெரியும். ஏழு மாசம் கொடுத்தனுப்பினார். ஒன்றுகூட நழுவவில்லை.

அந்தப் பத்து இழையை மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நன்றாகச் செய்து அனுப்புகிறாரோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. முன்பு மறைத்தவர்தானே. அதனால் அவர் பிணைத்துப் போன பாவிலும் அங்கங்கே இழுத்துப் பார்ப்பேன். ஒவ்வொரு காலையும் அந்தப் பத்து இழை வரும் வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. தறியில் உட்காருவேன், எழுவேன், வாசலுக்குப் போவேன்.

போன வியாழக்கிழமை என் தறிக்கே புதுப் பாவு வந்தது. காலையிலிருந்து அவர் பிணைத்துக்கொண்டிருந்தார், நான் அடுப்படியில் இருந்தேன். எடை அன்றைக்கு சரியாக இருந்தது. பத்து இழையும் சரியாக இருந்தது.

"சங்கீதா."

கரண்டி கையிலேயே நின்றது. ஏழு மாசம் ஆகியிருந்தது அவர் வாயால் என் பேரைக் கேட்டு. ஓடினேன். பாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் வேர்வை. முன்னால் இன்னும் ஆயிரம் இழைக்கு மேல் பிணைக்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடைசியா பண்ண நாலு இழைய இழுத்துப் பாரு" என்றார்.

இழுத்தேன். நாலும் கையோடு வந்தன.

"நேத்து ராத்திரியே கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. காலைல குடுத்த பத்து இழைய மூச்சைப் புடிச்சிக்கினுதான் பண்ணேன்" என்றார். சாம்பல் விரலை வேட்டியில் துடைத்தார். "மிச்சம் வந்து பாத்துக்கலாம். சட்டைய எடுமா, போலாம்."